சுவரில் போட்ட ஊர்

பள்ளிக்கூடத்துக் கிழக்குச் சுவர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாணி மெழுகிய மண்சுவர். அதில் என் வீட்டுக்காரர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஊரின் படம் போட வைத்திருந்தார். தெருக்களுக்குச் சுண்ணாம்பு, வீடுகளுக்குச் செம்மண், மரங்களுக்கு அவரை இலையைக் கசக்கி எடுத்த பச்சை, கிணற்றுக்கு அடுப்புக்கரி. எட்டாத பிள்ளைகளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு அவர் நின்றதில் சட்டை முழுவதும் செம்மண் ஆகிவிட்டது. துவைக்கிறவள் நான்தானே, அந்தக் கறை எனக்கு எப்படி மறக்கும்? அந்தப் படத்தில் இருந்த ஊர் உலகத்தில் எங்கும் இல்லை. பிறகும் அது வரவில்லை.

இப்போது பள்ளிபாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே ஒரு பெண் இருக்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர், பயிற்சிப் பள்ளியில் ஏறிய சூடு இன்னும் ஆறவில்லை. “மூணாவதுக்குச் சமூகப் பாடத்த எதுல இருந்துங்க ஆரம்பிக்கறது? ஊட்டுல இருந்தா, ஊருல இருந்தா? உங்க ஊட்டுக்காரரு எப்படிங்க நடத்துனாரு?” என்று போன வாரம் வந்து கேட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் முகம் சுருங்கிப் போகும். தம் சர்வீஸில் பெரும்பகுதி அவர் அந்தப் பாடத்தை நடத்தவே இல்லை. தாலூகாப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒப்பிக்க வைப்பார், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர்கள் அதைக் கேட்டு மெச்சிவிட்டுப் போவார்கள். ஒரு காலத்தில் ஒப்பிக்கிற படிப்பைக் கண்டாலே எரிந்து விழுந்த மனிதர் அவர். அது ஏன் அப்படி ஆயிற்று என்று அந்தப் பெண்ணிடம் வாசலில் நின்றபடி சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அணைக்கு மேலே, காவிரிக் கரையை ஒட்டி இருந்த ஓர் ஊரில் நாங்கள் இரண்டு பேரும் வாத்தியார்கள். சின்ன வகுப்புகள் எனக்கு, மற்றவை அவருக்கு. அணை முடிந்தால் ஊர் தண்ணீருக்குள் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வரப்பு வெட்டினார்கள், ஓடு மாற்றினார்கள், தொழுவத்துக்குப் புதுக்கூரை வேய்ந்தார்கள். அந்தக் கோடை விடுமுறையில் சர்வேக்காரர்கள் வந்து எங்கள் பள்ளிக்கூடத்திலேயே தங்கினார்கள். பகலெல்லாம் சங்கிலி பிடித்து அளப்பதும், பொழுது சாய்ந்ததும் பெரிய பெரிய தாள்களை விரித்துக் கோடு போடுவதுமாக இருந்தார்கள். கூட இருந்து தண்ணீர், பாய் என்று பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர்தான். கிளம்பும்போது அவர்களுடைய அதிகாரி ஊராரைக் கூட்டிவைத்து ஒரு விஷயம் சொன்னார். ஊர் மொத்தமும் ஒருமனதாக ஒப்புக் கொடுத்தால் கிழக்கே ஒரு மேட்டு நிலத்தில் சேர்ந்து குடியேறலாம். எல்லோருக்கும் வீட்டுமனை உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு. ஒப்பவில்லை என்றால் நிலம் உள்ளவர்கள் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிலமே இல்லாதவர்களுக்கு நஷ்டஈடு எங்கிருந்து வரும்? ஊரில் பாதிப்பேருக்கு மேட்டு நிலத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஊர்க்கவுண்டர் நல்ல மனிதர், “எல்லாரும் சேந்தே போயிரலாமுங்க” என்று அதிகாரியிடம் தலையாட்டியிருந்தார். தை பிறந்து அதிகாரி மறுபடி வரும்போது கைநாட்டு வைக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. என் வீட்டுக்காரர் நின்றால் உட்கார்ந்தால் அதே பேச்சாக இருந்தார். ஊர் சிதறாமல் போய்ச் சேர்ந்தால் தம் பிள்ளைகள் ஒன்றுகூடப் படிப்பை விடாது என்பது அவர் கணக்கு.

பள்ளி திறந்தது. இப்போது சமூகப் பாடம் என்கிறதை அப்போது பூகோளம் என்போம், மூன்றாம் வகுப்புக்கு அதில் முதல் பாடம் ‘நம் ஊர்’. அதற்குப் பிறகுதான் தாலூகா, ஜில்லா எல்லாம். அவர் புத்தகத்தைத் திறந்து நம் ஊரின் தெருக்கள், நம் ஊரின் நீர்நிலைகள் என்று ஆரம்பித்ததும் ஒரு பெண் எழுந்து, “சார், இந்தப் பாடம் முடியறதுக்குள்ள ஊரு முழுகிருமுங்களா?” என்று கேட்டிருக்கிறாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறாள். பாதிப் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன. அடுத்த அறையில் இருந்த எனக்கே சத்தம் கேட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். “சாகப் போறவனுக்கு ஜாதகம் பாக்கற மாதிரி இருக்குதம்மா இந்தப் பாடம். இருக்கற ஊர வேண்டாம், போற ஊர நடத்தறேன்” என்றார்.

“இல்லாத ஊருக்கு யாருங்க படம் போடுவாங்க?” என்றேன்.

“புள்ளைங்க போடட்டும். யாரு பக்கத்துல யாரு இருக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான் சின்னப் புள்ளைக்குப் பூகோளம். மலையும் ஆறும் பின்னால வரட்டும்.”

அப்படி வந்ததுதான் அந்தச் சுவர்ப் படம். எங்கள் பக்கத்தில் ஒரு சாதியார் சேர்ந்து குடியிருக்கும் இடத்தை வளவு என்போம். எங்கள் ஊரில் கவுண்டர் வளவு ஒன்று, தறிக்காரர் வளவு ஒன்று, ஊருக்கு வெளியே பள்ளத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் வளவு ஒன்று. வெளி வளவுப் பிள்ளைகள் வாசல்படி ஓரம் தனியே உட்கார்ந்து படித்தார்கள். “உன் வீட்டை எங்கே கட்டப் போகிறாய்?” என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டபோது எந்தப் பிள்ளையும் வளவை நினைக்கவில்லை. யாரோடு பாண்டி ஆடுமோ அதன் வீட்டை ஒட்டித் தன் வீட்டை வைத்தது. ஊர்க்கவுண்டரின் பேரன் தறிக்காரர் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். தறிக்காரர் பையனுக்கு அடுத்த வீடு வெளி வளவுப் பெண்ணுடையது, பாடம் முடிவதற்குள் ஊர் முழுகிவிடுமா என்று கேட்டாளே, அவளேதான். மூன்று வீட்டுக்கும் நடுவில் கரியால் ஒரு கிணறு.

“உங்க ஊருல கெணறு ஒண்ணே ஒண்ணுதானுங்களா?” என்று சீண்டினேன்.

“புள்ளைங்க ஒண்ணுதான் கேட்டாங்க” என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். படம் முடிந்ததும் மூலையில் திசைக்கு ஒரு அம்பு போட்டு, ஓர் அங்குலத்துக்கு இத்தனை அடி என்று அளவும் எழுதி, ஓரம் சுற்றிலும் சர்வேக்காரர் தாளில் இருந்ததைப் போலவே இரட்டைக் கோடு இழுத்தார். அந்த இரட்டைக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் பேரனை அழைத்துப் போக வந்த ஊர்க்கவுண்டர் சுவரைப் பார்த்து நின்றார். “இதென்னடா சாமி?” என்றார்.

“நாம போற ஊருங்க அப்பாரு” என்று பேரன் தாத்தாவிடம் ஓடிவந்து கையை வைத்துக் காட்டினான். “இது நம்மூடு. இது தறிக்காரரூடு. அந்தா அது வெளி வளவுக்காரவிய ஊடு. கெணறு நமக்கு எல்லாத்துக்கும் ஒண்ணுங்க.”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேரன் கையைப் பிடித்து வெளியே போய்விட்டார். என் வீட்டுக்காரர் அப்போது அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை. சர்க்கார் காரியம் என்று மனதில் பட்டுவிட்டால் யாரையும் கேட்கமாட்டார்கள், தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு மனதில் வைத்துக்கொள்வார்கள். சர்வேக்காரர்கள் தங்கியதும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான், கோடு போட்டதும் இங்கேதான். போகும்போது மனைக்கட்டுப் படத்தை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் என்ற பேரில் அவர் அதைச் சுவரில் ஏற்றிவிட்டார் என்று ஊர் முடிவுகட்டியது.

அதற்கப்புறம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் குடிக்க வந்தேன், சுண்ணாம்பு இருக்கிறதா என்று ஆளுக்கு ஒரு சாக்கு. விஷயம் எங்கள் காதுக்கு வருவதற்குள் கவுண்டர் வளவில், “வெளி வளவுக்காரவிய பக்கத்துல குடியிருக்கறதுக்கு ஆத்துலயே முழுகிச் சாகலாம்” என்ற பேச்சு வந்துவிட்டது. தறிக்காரர்களோ, “சர்க்காரு பாத்துக் குடுத்த மனைய நாங்க எதுக்குங்க உடோணும்?” என்று கிணற்றோரத்து இடத்தைப் பேச்சிலேயே பிடித்துக்கொண்டார்கள். வெளி வளவுக்காரர்கள் வாயே திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போனார். பிள்ளைகள் விளையாட்டாகப் போட்டது, சர்க்காருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ஊர்க்கவுண்டர் மரியாதையாகக் கட்டில் போட்டு உட்காரவைத்து, “ஏனுங்க வாத்தியாரே, கொழந்தைங்க வெளையாட்டுல அடிக்கணக்கு எதுக்குங்க வருது?” என்று கேட்டார். அடுத்த நாள் விடிந்ததும் சுண்ணாம்பைக் கரைத்துச் சுவர் முழுவதும் பூசி அழித்தார். அதுதான் இன்னும் கெட்டதாகப் போயிற்று. மறைக்கிறார் என்று ஒரு பக்கம் சொன்னது, கவுண்டர் வளவுக்குப் பயந்து படத்தை மாற்றப் போகிறார் என்று இன்னொரு பக்கம் சொன்னது.

அன்று பள்ளி விட்ட பிறகு வெளி வளவுப் பெண்ணின் அம்மா வந்தாள். படியேறாமல் வாசலிலேயே நின்றாள். “சாமி, எங்கூடு எந்த எடத்துலீங்க இருந்துச்சு?” என்று கேட்டாள். அவளை உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. நான் ஈரச்சுவரில் கையை வைத்துக் காட்டினேன். அவள் வாசலில் இருந்தே அந்த இடத்தை எட்டிப் பார்த்தாள். “கெணத்துக்குப் பக்கந்தான் போலிருக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அழுகை தாங்கவில்லை.

தை மாதம் அதிகாரி வந்தார். இத்தனை ரகளை நடந்தது அவருக்கு என்ன தெரியும்? ஒப்புக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். யாரும் முன்னால் வரவில்லை. மனைகளை இன்னும் பிரிக்கவே இல்லை, அதற்கென்று ஒரு படமும் போடவில்லை என்று அவரே சொன்னார். அதைக் கேட்டாவது தெளிவார்கள் என்று என் வீட்டுக்காரர் ஆசையாகச் சுற்றிலும் பார்த்தார். அதற்குள் கேட்கக் கூடாததெல்லாம் ஒருவரை ஒருவர் கேட்டு முடித்திருந்தார்கள். இல்லாத ஒரு தெருவுக்காகப் பேசிய பேச்சை யாரால் திரும்ப வாங்க முடியும்? கவுண்டர் வளவு நஷ்டஈடு போதும் என்றது. தறிக்காரர்கள் தங்கள் சாதிசனம் இருக்கும் பக்கம் போய்க்கொள்கிறோம் என்றார்கள். வெளி வளவை யாரும் கேட்கவில்லை. அதிகாரி தாளைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கு வழி கேட்பதைப் போலச் சாதாரணமாக, அப்படியானால் இங்கே பள்ளிக்கூடம் இதோடு முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் ஊர் கலைந்தது. ஒரே நாளில் கிளம்பவில்லை, ஆனால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிய காலையில் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றோம். அந்த வருஷப் படிப்பில் பிள்ளைகள் மனதில் உருப்படியாகத் தங்கியது திசை ஒன்றுதான். வண்டியில் சட்டி பானைக்கு நடுவே நின்றுகொண்டு, “சார், நாங்க கெழக்கால போறோமுங்க!” என்று ஒருவன் கத்தினான். ஆற்றில் பரிசலுக்குப் போகிற வண்டியில் இருந்து, “நாங்க மேக்காலீங்க சார்!” என்று இன்னொருவன். அவன் ஊர்க்கவுண்டரின் பேரன். கை நீட்டிக் காட்டிய திசையெல்லாம் சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வண்டிக்கும் தலையசைத்தார்.

வெளி வளவுக்காரர்களுக்கு வண்டி இல்லை. எடப்பாடிப் பக்கம் கூலி கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பெண் மட்டும் வரிசையை விட்டு ஓடிவந்தாள்.

“நாங்க தெக்கால போறோமுங்க சார். அங்க போயி நின்னா நம்மூரு எந்தப் பக்கமுங்க?”

“வடக்கால இருக்கும் சாமி.”

“பாத்தா தெரியுமுங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். தூரத்தில் இருந்து அம்மா கூப்பிட்டாள். மறந்துவிடக் கூடாது என்று அந்தப் பெண் “வடக்கால, வடக்கால” என்று வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே தெற்கே ஓடினாள்.