இரும்பு இறங்காத நிலம்

போர்வெல்லுக்கு இடம் பார்க்கிறவனுக்கு இரண்டு எஜமான்கள். ஒன்று மேலதிகாரி, இன்னொன்று பாறை. மேலதிகாரியை எப்படியாவது சமாளித்துவிடலாம். பாறை யாருக்கும் சலாம் போடாது. இதை நான் படித்த இடம் ஏற்காட்டுத் தலைச்சோலை. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை.

ஊற்று வற்றிப் பெண்கள் பள்ளத்து எஸ்டேட் வரை இறங்கிக் குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு போருக்குத்தான் சாங்ஷன். மறுநாள் துளை போடும் ரிக் வண்டி மலை இறங்கியாக வேண்டும். அதற்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம்தான்.

என் வேலை ரெசிஸ்டிவிட்டி மீட்டர். இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து, கரண்ட் விட்டு, ரீடிங் எடுப்பேன். எண் குறைந்தால் அடியில் ஈரமுள்ள, விரிசல் விட்ட பாறை இருக்கலாம். அன்று ஊர் அம்மன் கோயில் நிலத்தை நெருங்க நெருங்க எண் இறங்கிக்கொண்டே வந்தது. வேலியருகே பூசாரி மறித்தார். என் வயதுதான் இருக்கும், கறாரான மனிதர்.

“அம்மன் நெலத்துல இரும்பு எறக்கக் கூடாதுங்க. நாங்க ஏர்கூட ஓட்டுனதில்லீங்க.”

எங்கள் இன்ஜினியருக்கு அதில் வருத்தமே இல்லை. “மேப்ல பாறை வெடிப்புக் கோடு ரோட்டோரமாத்தான் போகுது. ரிக்கை அங்க நிறுத்து.”

“அங்க ரீடிங் சரியில்ல சார்.”

“மேப் போட்டவன் உன்னவிடப் படிச்சவன்யா.”

ரோட்டோரத்தில் ரிக் உறுமத் தொடங்கியது. இங்கே பெண்கள் பூசாரியை விடவில்லை. “நீங்களே முடிவு சொன்னா எப்படிங்க? அம்மனக் கேளுங்க. பூ போட்டுப் பாருங்க.”

இரண்டு இலைப் பொட்டலம், ஒன்றில் வெள்ளைப்பூ, மற்றதில் சிவப்பு. வெள்ளைப்பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது. கட்டியவரை வெளியே அனுப்பிவிட்டு, பேச்சு வராத ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். கட்டியவருக்கும் எடுப்பவருக்கும் தொடர்பே இல்லை. சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு சிலிர்ப்பு.

வெள்ளை வந்தது.

பூசாரி முகம் இறுகியது. அவர் வாழ்நாளெல்லாம் கூடாது என்று காத்த நிலம். இன்னொரு தரம் போடலாம் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. “சரி, அவ சொல்லிட்டா” என்று என் சுத்தியலை வாங்கி முதல் கம்பியைத் தாமே அடித்தார். எண் அங்கேதான் மிகக் குறைவாக வந்தது.

நானும் பூசாரியும் ரோட்டுக்கு ஓடினோம். முந்நூறு அடி தாண்டியும் வெறும் சாம்பல் நிறத் தூள் பறந்துகொண்டிருந்தது. இன்ஜினியர், “இன்னும் அம்பதடி ஓட்டு” என்றார். இரண்டாவது குழி போட்டால் மேலே அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் கஷ்டமும் எனக்குப் புரிந்தது.

பூசாரி அவரிடம் மெதுவாகக் கேட்டார். “எனக்கு அம்மன் சொன்னாளுங்க, கேட்டுக்கிட்டேன். உங்களுக்கு யாருங்க சொல்லோணும்?”

இன்ஜினியர் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு, “ரிக்கை மேல கொண்டு போங்க. பேப்பரை நான் பாத்துக்கறேன்” என்றார். கோயில் வேலியருகே யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினார்.

மறுநாள் மதியம் கம்ப்ரெஸர் சத்தம் மாறியது. முதலில் சேறு, பிறகு ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். ஒரு பாட்டம் மழையும் காணாத மலையின் வயிற்றுக்குள் இத்தனை நீர். எத்தனையோ போர் பார்த்த நான் கைகூப்பிவிட்டேன். அம்மனுக்கா, பாறைக்கா என்று இன்றுவரை தெரியாது.

பூசாரியிடம் எனக்கிருந்த சந்தேகத்தைக் கேட்டேன். “தண்ணி வராமப் போயிருந்தா அம்மன் வாக்குப் பொய்யின்னு ஆயிருக்குமேங்க?”

நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே சிரித்தார். “அவகிட்ட இரும்பு எறக்கலாமான்னுதானுங்க கேட்டோம். தண்ணி இருக்குதான்னு கேக்கலீங்களே. அதக் கேக்கத்தான் நீங்க மிஷினு கொண்டாந்தீங்க.”

எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று அதற்கு முன் எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு எந்த மேலதிகாரி எங்கே விரல் நீட்டினாலும், “ஆகட்டும் சார்” என்றுவிட்டு, முதலில் கம்பியை அடித்துத் தரையைக் கேட்டேன்.