நான் தளர்த்திய நான்கு போல்ட்டுகள்

என் மகள் சந்திரகிரி சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டதற்கு நான்தான் காரணம். அது அவளுடைய கைப்பிழை என்று அவளையே நம்ப விட்டது அதைவிடப் பெரிய தப்பு. ஏறத்தாழ ஒரு வருஷம் அப்படி விட்டுவைத்தேன்.

நான் திருப்பதியில் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் எல்லாம் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது என் மகளும் போனாள். சித்தூரில் சம்பந்தம் செய்தோம். மாப்பிள்ளையும் அங்கேயே வேலையில் இருந்தார். பல வருஷம் கழித்து ஒருநாள் தனியாக வந்து நின்றாள்.

"ஆபீஸ் வேலய இங்கருந்தே பாக்கலாம் நைனா. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்."

"மாப்பிள்ள?"

"அவருக்கு வேல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அவளை வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

பார்சல்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசத்திலிருந்து. நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடி முடிக்கிற ஒரு பந்தயத்துக்காகத் தானே ஒரு சைக்கிள் கட்டுவதாகச் சொன்னாள். பின்னறை பட்டறையாகிவிட்டது. "காத்துதான் நைனா எதிரி" என்று எனக்கு விளக்கினாள். அதனால் சைக்கிள் சட்டத்தின் குழாய்கள் கத்தி மாதிரி தட்டையாக இருந்தன. கேபிள்கள் எல்லாம் உள்ளுக்குள் மறைந்து ஓடின. பின்சக்கரத்துக்குக் கம்பியே கிடையாது, தட்டு மாதிரி மூடியிருக்கும் என்றாள். கைப்பிடிக்கு மேலே முழங்கையை ஊன்ற இரண்டு சிறு மெத்தைகள். ஓட்டுகிறவர் அதில் சாய்ந்து, முதுகை மேசை போல வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் எதையும் நம்பவில்லை. வேலை போய்விட்டதோ, கல்யாணம் முறிந்துவிட்டதோ, இதெல்லாம் அதை மூடுவதற்கோ என்று நினைத்தேன். வேலை செய்யும்போது அலமாரியில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு யாரோ ஓர் ஆளுடன் இங்கிலீஷில் பேசுவாள். நான் பேப்பரை விரித்தபடி கதவுக்கு வெளியே நிற்பேன். போல்ட், பேரிங் என்பதைத் தவிர ஒன்றும் காதில் விழாது. அதுவே சந்தேகத்தை வளர்த்தது. இவ்வளவு நேரம் வெறும் போல்ட்டைப் பற்றியா பேசுவார்கள்?

பழைய சக்கரம் ஒன்றை மாட்டித் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். மறுநாள் டீக்கடையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் கேட்டார். "சார், அது உங்க பொண்ணா? நல்லாத்தான் படுத்துக்கினு போறாங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் டம்ளருக்குள் சிரித்தார்கள்.

பின்சக்கரம் சென்னை கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவள் போன அன்று என் மனைவியும் நகரியில் தங்கை வீட்டில் இருந்தாள். நான் அறைக்குள் போனேன். அந்த மெத்தைகளைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் மகள் நிமிர்ந்து உட்காருவாள், பார்க்க மரியாதையாக இருக்கும் என்பது என் திட்டம். நான்கு போல்ட்டுகளையும் கழற்றினேன். அடியில் முட்டுக் கொடுத்தால் போல்ட் நீளம் போதவில்லை. கைவிட்டு, இருந்தபடியே திரும்ப மாட்டினேன். அதிகம் முறுக்கினால் கார்பன் விரிசல் விட்டுவிடும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பயந்து பயந்து, ஊறுகாய் பாட்டிலை மூடுவது போல முறுக்கி வைத்தேன்.

என் நைனா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் குனிந்து கிடந்தவர், அதனால்தான் குனிந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். டீக்கடைதான் காரணம்.

அவள் சக்கரத்தோடு வந்தாள். அதை மட்டும் மாட்டினாள். முன்பக்கம் முன்பே சரிபார்த்து முடித்தது, மறுபடி தொட வேண்டியதில்லை. முதல் நீண்ட ஓட்டத்தில், நல்ல வேகத்தில், மெத்தை கழன்று சாய்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"நாலையும் டைட் பண்ணேன் நைனா" என்றாள், கட்டுப் போட்ட கையோடு. "சரியான அளவு வந்தா ரெஞ்ச்சுல டிக்குனு சத்தம் வரும். கேட்டுச்சு. கேட்டுச்சுன்னுதான் நெனச்சுக்கினு இருக்கேன்."

"ஃபோன்ல பேசிக்கினே செஞ்சா அப்பிடித்தான்" என்றேன் நான்.

அந்த வாக்கியத்துக்கு மன்னிப்பு கிடையாது.

அதன் பிறகு அவள் சமையலறையில் கேஸை மூடிவிட்டு வந்து மறுபடி போய்ப் பார்த்தாள். வெளிக்கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாள். ஆபீஸுக்கு அனுப்பிய வேலையை எடுத்து எடுத்துப் படித்தாள். பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். "அவளுக்கு இன்னா ஆச்சு, கேளுங்களேன்" என்றாள் மனைவி. நான் பேப்பர் படித்தேன்.

கடைசியில் சைக்கிளை விற்க முடிவு செய்தாள். பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் பார்க்க வந்தார். காபி கொடுத்தோம். அவர் ஆசையாகச் சட்டத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்:

"நான் கட்டுனது. ஒரு போல்ட்டக்கூட நம்பாதீங்க. எல்லாத்தையும் பிரிச்சு, தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து மாட்டிக்கங்க."

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "அது அவ தப்பில்ல. நான்தான் கழட்டுனேன்."

இளைஞர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு, செருப்பை வாசலுக்கு வெளியே போய் மாட்டிக்கொண்டார்.

"எந்த போல்ட்டு?" என்றாள் மகள். காட்டினேன். எந்தத் திருகுச்சாவியால் கழற்றினேன் என்று கேட்டாள். அதையும் எடுத்துக் காட்டினேன்.

"வேற இன்னா தொட்ட?"

"வேற எதையும் தொடல."

"என் ஃபோன்?"

"தொடல. வெளியில நின்னு கேட்டேன்."

"இன்னா கேட்டுச்சு?"

"போல்ட்டு, பேரிங்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஒரு வருஷம், நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

சைக்கிளை விற்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து கட்டினாள். இப்போது காலையில் சந்திரகிரி வரை போய் வருகிறாள். கேஸை ஒருமுறை மூடினால் மூடியதுதான். அந்த ஆள் யார், மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி போய்விட்டது.

பின்னறைக்குப் பூட்டு வாங்கி மாட்டினாள். சாவி அவள் கைப்பையில் இருக்கும். போன மாதம் நகரியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு ரூமுக்கு எதற்குப் பூட்டு என்று மச்சினர் கேட்டார். "தூசு பூந்துடுது" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"தூசு இல்ல. நான் கை வப்பேன்னு பூட்டி வச்சிருக்கா" என்றேன்.

"மாமாவுக்கு எப்பவும் தமாசுதான்" என்று மச்சினர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மகள் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நான் சொன்னதை அவள் மறுக்கவில்லை.