துடக்கில்லாதவள்

வள்ளத்தில் குடும்பம் நடத்தினேன் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "சமைக்கிறது எங்க? படுக்கிறது எங்க? ஆரும் வந்தா எங்க இருக்கச் சொல்லுவீங்க?" என்று கேள்விமேல் கேள்வி. நீங்கள் வீட்டில் சமைக்கவும் படுக்கவும் இல்லையா? அப்படித்தான். சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பெண்ணின் பேரில் வீட்டைக் கட்டிவைத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பான். அம்மாவின் வீடு அக்காவுக்குப் போயிற்று. எனக்குக் கட்டத் தொடங்கிய மண்வீடு சுவர் அளவில் நின்றபோது அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சுவரை மாரி மழை கரைத்துக் குடித்தது. வீடில்லாத பெண்ணை எவன் எடுப்பான்? வாவியில் சரக்கு ஏற்றும் வள்ளக்காரர் ஒருவர் எடுத்தார். "மாப்பிள்ளை பொண்ணுட வீட்டுக்கு வாறதுதான் வழமை, இவள் மாப்பிள்ளட வள்ளத்துக்கு வாழப் போறாள்" என்று என் கூடப்பிறந்த அக்காவே சொல்லித் திரிந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நான் இரண்டு சேலையையும் ஒரு தலையணையையும் சுருட்டிக்கொண்டு ஏறினேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருடம் முந்திய காலம் அது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நெல்லும் விறகும் ஏற்றிப் பட்டினத்துப் புளியந்தீவுத் துறையில் இறக்குவோம். அங்கிருந்து உப்பு, மண்ணெண்ணெய், தேங்காய் ஏற்றிக்கொண்டு வெல்லாவெளிப் பக்கம் திரும்புவோம். வள்ளத்தின் நடுவில் கிடுகுக் கூரை, அதற்குக் கீழே எங்கள் குடித்தனம். பின்பக்கத்தில் மணல் நிரப்பிய பலகைப் பெட்டி, அதன்மேல் மூன்று கல். அதுதான் அடுப்பு. வாவித் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிதண்ணீருக்குக் கரைக் கிணறுகளில் குடம் சுமக்க வேண்டும். கச்சான் காற்று எழும்பினால் சோற்றில் பாதி சாம்பல்தான். என் புருஷன் ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தின்றுவிட்டுக் கை கழுவுவார். அந்த மனிதர் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். அதற்கும் பேச மாட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் கண்ணா மரங்கள் அடர்ந்த ஓரமாகப் பார்த்து நாலு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவோம். நாலும் எங்களைப் போல வள்ளத்திலேயே குடியிருந்த குடும்பங்கள். ஒரு வள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பலகை போடுவோம். அதுதான் எங்கள் தெரு. ஒரு கிண்ணத்தில் நண்டுக்கறி போனால் அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது, ஒரு துண்டு கருவாடாவது அதில் கிடக்கும். ஒருவருக்கு நெருப்பு அணைந்துபோனால் மற்றவர் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துப் போகலாம், கேட்கத் தேவையில்லை. சண்டை வந்தால்தான் கஷ்டம். கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போக முடியுமா? கதவே இல்லையே! நான் முதுகைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். அடுத்த வள்ளத்துக்காரி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வெற்றிலைத் தட்டத்தை என் முதுகுக்குப் பின்னால் தள்ளி வைப்பாள். "கோவம் முடிஞ்சா எடுத்துப் போடுகா மச்சாள்" என்பாள். எனக்கு அதற்குமேல் கோபம் நிற்காது.

அவளும் நானும் சொந்தமில்லை. வள்ளத்துக்கு வந்தபிறகு பிடித்த மச்சாள் முறை. அவளுடைய இரண்டு பொடியன்கள் வெல்லாவெளியில் அவளுடைய அம்மாவிடம் வளர்ந்தார்கள். சின்னவள் மட்டும் வள்ளத்தில். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை பலகையைத் தாண்டி என்னிடம்தான் வரும். "மாமி, இண்டைக்கு என்ன ஆணம்?" என்று சட்டிக்குள் எட்டிப் பார்க்கும். மத்தியானம் நெல்மூட்டை மேல் என்னோடு ஒட்டிக்கொண்டு தூங்கும். எனக்குக் கலியாணம் முடிந்து எத்தனையோ வருடம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கரைக்குப் போனால் மலடி என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள்.

மச்சாளுக்கு நாலாவது வயிற்றில் வந்தது. ஒரு நாள் இரண்டு பேரும் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இவள நீ எடுகா. உன்னோடதானே கிடக்காள். வைகாசியில கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் போவம். அம்மாளுக்கு முன்னால வெச்சு உன்ட மடியில தாறன். பொறகு அவள் உன்ட புள்ள."

என் கையிலிருந்த மீன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. "ஐயோ, நல்ல குறட்டை மீன் போகுதுகா!" என்று அவள் சிரித்தாள். நான் அன்றைக்கு அழுதேன், சந்தோஷத்தில். வைகாசிக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதே அதற்குப் பிறகு எனக்கு நினைப்பு.

எங்கள் வள்ளக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. விதானையாரோ, காட்டுக் கந்தோர்க்காரரோ, யாராவது தொப்பிக்காரர் கரையில் தலை காட்டினால் போதும், ஒருவர் சட்டிமூடியில் தட்டுவார். மறுநிமிஷம் பலகைகளை இழுத்து, கோலை ஊன்றி, வள்ளங்கள் வாவி நடுவுக்குப் போய்விடும். கரையில் நிற்கிறவர் கையைக் கையை ஆட்டுவார். எங்கள் ஆம்பிளைகள் நடு வாவியில் நின்று சிரிப்பார்கள். நிலத்தில் இருக்கிறவனைத்தான் அரசாங்கம் பிடிக்கும், தண்ணியில் இருக்கிறவனைப் பிடிக்க முடியாது என்று அவர்களுக்குப் பெரிய பெருமை.

வைகாசிக்கு முன்னால் ஒரு காலை, அம்மை வராமலிருக்க அம்மைப்பால் கட்டுகிற ஐயா பெட்டியோடு வந்தார். எங்கோ அம்மை கண்டிருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கட்ட வேண்டும் என்று கூவினார். சட்டிமூடி தட்டியாயிற்று. நான் மச்சாளின் புருஷனிடம் என் கையிலிருந்த தழும்பைக் காட்டினேன். "இஞ்ச பாருங்க மச்சான், கரையில இருக்கக்குள்ள எனக்கும் கட்டினதுதான். செத்தா போனன்? புள்ளைய இறக்குங்க."

"அம்மாள் தாறத ஆரு தடுக்கிற? புள்ளட கையக் கீறிச் சீழ ஏத்துறானுகள். சும்மா இருங்க மச்சாள்" என்று அவர் கோலை எடுத்தார்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒரு பெட்டிக்கார மனுசனக் கண்டு முதலையக் கண்டாப்போல ஓடுறீங்க, நீங்களும் ஒரு ஆம்புளயா!" என்று கத்தினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கவும் பார்த்தேன். மச்சாள் வந்து என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். எப்போதும் நீ என்று பேசுகிறவள் அன்றைக்கு நீங்க என்றாள்.

"மச்சாள், இவள் இன்னும் என்ட புள்ளதான். உங்கட மடியில வெச்ச பொறகு உங்கட இஷ்டம்."

நான் கையை விட்டேன். வள்ளங்கள் நடுவுக்குப் போயின. அந்த ஐயா வெயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு நெற்றியில் முத்து, உடம்பெல்லாம் முத்து. அம்மாள் வந்திருக்கிறா என்று கூரையில் வேப்பிலை கட்டினார்கள். வேப்பிலை கட்டியதும் மற்ற இரண்டு வள்ளங்களும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டன. பலகையைக்கூட எடுக்கவில்லை. போகிற போக்கில் ஒருத்தி திரும்பி, "வயித்துப்புள்ளக்காரிய அதுக்குள்ள வெச்சிருக்காதீங்க!" என்று கூவினாள். அது நியாயம்தான். மச்சாளை எங்கள் வள்ளத்துக்கு மாற்ற வேண்டும், அப்படியானால் பிள்ளையோடு யார் இருப்பது? நான் பலகையில் காலை வைத்தேன். என் புருஷன் கையைப் பிடித்தார். "போனியெண்டா முடியுமட்டும் கிறுகித் திரும்பி வர ஏலா" என்றார்.

"கிறுகி வரணுமெண்டு உங்களுக்கிட்டக் கேட்டனா?" என்றேன்.

மச்சாளும் இரண்டு ஆம்பிளைகளும் எங்கள் வள்ளத்தில், நானும் பிள்ளையும் அவர்களுடைய வள்ளத்தில். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இரண்டையும் நிறுத்தினார்கள். இடையில் ஒரு கம்பை ஊன்றி அதில் சோற்றுப் பானையைக் கட்டித் தொங்கவிடுவார்கள், அவர்கள் போனபின் நான் கோல் ஊன்றிப் போய் எடுப்பேன். காத்தான்குடியிலிருந்து தோணியில் புடவை கொண்டுவருகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், காக்கா என்போம், எங்களுக்குப் பழக்கம். அவர் கேள்விப்பட்டு இளநீர்க் குலைகளை அந்தக் கம்பில் கட்டிவிட்டு, "அல்லாஹ் பாதுகாப்பான் தங்கச்சி" என்று தூரத்தில் நின்று சொல்லிவிட்டுப் போவார்.

நான் வேப்பங்குழையால் வருடினேன். இளநீரைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தேன். என் சேலையால் முத்து நீரை ஒற்றினேன். ஆசைப்பட்டபடி பிள்ளை முழுதாக என் கையில் கிடந்தது. அது கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"மாமி, அம்மா எங்க?"

"அந்தா, நம்மட வள்ளத்தில மனே."

"ஏன் வாறா இல்ல?"

நான் எழும்பி நின்று, "மச்சாள், கதைகா! புள்ள கேக்காள்!" என்று கூப்பிடுவேன். அவள் அங்கிருந்து கதைப்பாள். இன்றைக்கு என்ன கறி, எந்த மரத்தில் கொக்கு இருக்கிறது, அண்ணன்மார் வந்தால் என்ன கொண்டுவருவார்கள் என்று ஒன்றுமில்லாத கதை. தொண்டை அடைக்கும்வரை கதைப்பாள். பிள்ளைக்குக் கண் திறக்க முடியவில்லை, ஆனால் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு கிடக்கும். பெற்றவள் பெற்றவள்தான். என் நெஞ்சு எவ்வளவு நொந்தது என்று யாரிடம் சொல்ல? ஆனால் அந்தக் குரல் நின்றால் நானே மறுபடியும் கூப்பிட்டேன்.

ஒரு காலையில் தாய் கொக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை போய்விட்டது. நான் உடனே சொல்லவில்லை. அவள் கதையை முடிக்கட்டும் என்று விட்டேன்.

அம்மாள் கொண்டுபோன உயிருக்குக் கத்தி அழக்கூடாது, அம்மாள் கோபிப்பா என்பார்கள். மச்சாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். காக்கா ஒரு வெள்ளைத் துணியைக் கம்பில் கட்டிவிட்டுப் போனார். நான் அதில் சுற்றிக் கொடுத்தேன். ஆம்பிளைகள் கரையில் மருதமரத்தடியில் புதைத்தார்கள். வள்ளத்தின் பாயையும் கூரையையும் எரித்தார்கள். நான் மஞ்சளும் வேப்பிலையும் வைத்து முழுகினேன். அம்மாள் இறங்கிவிட்டா என்று தெளிந்த பிறகு என் வள்ளத்துக்குத் திரும்பினேன். இரண்டு வள்ளங்களையும் பழையபடி பக்கத்தில் கட்டினார்கள்.

அவர்களுக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. செத்தவீட்டுக்காரர் அடுப்பு மூட்டக்கூடாது, துடக்கில்லாத அயலார்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். அயலார் எங்கே? ஓடிப்போனவர்கள் திரும்பவில்லை. நான்தான் இருந்தேன். என் புருஷன் சொன்னார்: "துடக்கு அவங்களுக்குத்தானே. நீ உலைய வை, குடுத்துப்போட்டு நாம நெல்லு ஏத்தப் போவம்." அவர் கெட்ட மனிதரில்லை. வழமையைச் சொன்னார்.

உலை வைத்தேன். பெற்றவளுக்குத் துடக்கு. பெற்றவனுக்குத் துடக்கு. வெல்லாவெளியில் இருக்கிற கிழவி, வருடத்தில் ஒரு தடவை பிள்ளையைக் கண்டவள், அவளுக்கும் துடக்கு. எனக்கு ஒன்றுமில்லை. நான் சோறு கொடுக்கிற அயலாள். கோயிலுக்குக்கூடப் போகலாம்! இதைவிட யாராவது என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

சோற்றுச் சட்டியோடு பலகையைத் தாண்டினேன். கூரையில்லாத வள்ளத்தில் மச்சாள் வெயிலில் இருந்தாள். சட்டியைப் பார்த்தாள். கையால் தள்ளினாள்.

"எடுத்துக்கொண்டு போ. எனக்கு வேணாம்."

"வயித்தில ஒண்டு இருக்குகா. தின்னு."

"உன்ட சோறு வேணாமெண்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ட கையில நஞ்சா இருக்கு? இந்தக் கைதானே அவளை..." என்று தொடங்கி, சட்டியை மறுபடியும் நீட்டினேன்.

அவளுடைய புருஷனும், "மச்சாள் ஆசையாக் கொண்டு வந்திருக்காங்க, தின்னன்" என்றார்.

அவள் அவரைத்தான் பார்த்துச் சொன்னாள். கோபமில்லை, களைத்த குரல். "துடக்குக்காரி காச்சின சோத்தத் துடக்குக்காரர் தின்னுறதா?"

"அவங்களுக்கு என்ன துடக்கு?"

"அவளுட புள்ள செத்திருக்கு" என்றாள் மச்சாள். பிறகு ஒதுங்கி எனக்கு இடம் விட்டாள். "இருகா."

நான் இருந்தேன். சட்டியை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சத்தம் வராமல், சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதோம்.

நெல் ஏற்ற நேரமாயிற்று என்று என் புருஷன் என்னைக் கூப்பிட வந்தார். பலகையில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திரும்பிப் போய், எங்கள் வள்ளத்தில் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றி அணைத்தார். பிறகு எங்கள் நாலு பேருக்கும் சோறு கேட்டுக் கரை வீடுகளுக்கு நடந்தார்.