பந்தை ஊதும் பழக்கம்

கொடைக்கானல் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தேன். சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில் ஒரு பிங்பாங் மேசை கிடந்தது. மார்கழி, தைக் குளிரில் பந்து விறைத்துப்போய்ச் சரியாக எழும்பாது. ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அதனால் சர்வீஸ் போடுமுன் பந்தை உள்ளங்கையில் பொத்தி, இரண்டு தடவை ஊதிச் சூடேற்றிக்கொள்வோம். ஊதாமல் போடுகிறவளை, மூச்சுக்குப் பஞ்சமா என்று கேலி செய்வோம்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், மதுரையில் மாநில ஜூனியர் அணிக்குத் தேர்வு நடந்தது. அடுத்த வருஷம் எனக்கு வயது கடந்துவிடும். இந்த ஒரு தடவைதான். எங்கள் ஊர் பூம்பாறையில் அது பூண்டு எடுக்கிற நேரம். அப்பா அந்த வேலையைப் போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார். விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் கைதட்டினால் அவரும் தட்டுவார்.

மதுரை வெக்கையில் பந்தை ஊத அவசியமே இல்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, என் வாய் கேட்கவில்லை. பந்து ஈரமாகிறது என்று எதிரே ஆடிய பெண் புகார் சொன்னாள். இன்னொரு தடவை ஊதினால் பாயிண்ட் அவளுக்கு என்று நடுவர் எச்சரித்தார். கடைசி கேமில் நான் பத்தொன்பது, அவள் இருபது. சர்வீஸ் என்னுடையது. ஊதிவிட்டேன். இருபத்தொன்றாவது பாயிண்ட் அவளுக்குப் போய், ஆட்டம் முடிந்தது.

நான் மேசையை விட்டு நகர்வதற்குள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவர் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"ஐயா, எங்க ஊரு குளிருக்கு ஊதாம பந்து எந்திரிக்காதுங்க. புள்ளைக்குச் சூதுவாது தெரியாதுங்க. அந்த ஒண்ண மட்டும் மறுபடி போட விடுங்க."

நடுவர் பொறுமையாக விதியைச் சொன்னார். அப்பா அதற்கும் கும்பிட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

தோற்றதைவிட அந்தக் கும்பிடுதான் எனக்கு அவமானமாக இருந்தது. வெளியே வந்ததும் கொட்டிவிட்டேன்: "உங்கள யாரு அங்க வரச் சொன்னா? மானமே போச்சு."

அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி தாயி, வெரசா நட. பஸ்ஸு போயிரும்" என்றார்.

பிறகு கல்லூரி அணிக்கு நாலு வருஷம் ஆடினேன். கோப்பைகளும் வாங்கினேன். போட்டி எந்த ஊரில், என்றைக்கு என்று அப்பா ஒவ்வொரு தடவையும் கேட்பார். வாங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பார். சொல்லவில்லை.