அறுபத்தோராம் பெட்டியில் நின்ற வண்டி

வெல்டாவின் தபால் வண்டி ஏப்ரலிலும் மே தொடக்கத்திலுமாக ஐந்து முறை நின்றுபோனது. ஐந்து முறையும் ஆரின் என்ற பண்ணைக்காரனின் வீட்டுத் தபால் பெட்டிக்கு முன்னால்தான். டிரை ஃபோர்க் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒன்றாகச் சாலையோரம் நூற்றுப் பதினான்கு பெட்டிகள் இருக்கின்றன, ஆரினுடையது அறுபத்தோராவது. மற்ற நூற்றுப் பதின்மூன்றிலும் அந்த வண்டி ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. அப்புறம் ஊர் வாயை யார் மூடுவது?

என் பெயர் மேவிஸ். இந்த ஊர்த் தபால் நிலையத்துக் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வெல்டா தினமும் காலையில் என்னிடம்தான் தபாலை எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்புவாள், சாயங்காலம் என்னிடம்தான் காலிப் பைகளைக் கொண்டுவந்து போடுவாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கட்டியவன் குதிரைப் பந்தயம் என்று மூன்று மாநிலம் தாண்டிப் போனான், போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி கிடையாது. அவளே சொல்வாள், "எனக்குச் சொந்தபந்தம்னா இந்த நூத்திப்பதினாலு டப்பாதான் மேவிஸ்." கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்தப் பிக்கப் வண்டி அவள் கையால் உருவானது. எங்கள் பக்கம் ஸ்டியரிங் இடப்பக்கம், தபால் பெட்டிகளோ சாலையின் வலது ஓரத்தில். மற்ற ஊர்த் தபால்காரர்கள் நடுசீட்டில் கோணலாக உட்கார்ந்து, இடது கையால் ஓட்டி, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நாற்பது வயதில் முதுகெலும்பு ஒடிந்துபோவார்கள். வெல்டா ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்து ஸ்டியரிங்கையும் பெடல்களையும் வலப்பக்கத்துக்கு மாற்றினாள். இந்த வருடம் பிப்ரவரியில் பழைய பெட்ரோல் டாங்க் துருப்பிடித்து ஒழுகியதும், நொறுக்கப் போட்டிருந்த ஒரு வேனிலிருந்து பெரிய டாங்கைக் கழற்றிக் குறுக்குவாட்டில் மாட்டினாள். திங்கட்கிழமை ஒருமுறை நிரப்பினால் வெள்ளி வரை கவலையில்லை என்று அவளுக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில்தான் வினையே இருந்தது.

ஏப்ரலில் பண்ணைகளுக்குத் தபாலிலேயே உயிருள்ள கோழிக்குஞ்சு பார்சல் வரும். ஒரு வெள்ளிக்கிழமை முந்நூறு குஞ்சுகள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருக்க வண்டி அறுபத்தொன்றில் நின்றது. ஆரின் தன் டிராக்டரைக் கொண்டுவந்து, சங்கிலி கட்டி, நூறடி தள்ளிச் சமதரையில் இழுத்துவிட்டான். சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் ஒரு கிழவரின் இதய மாத்திரை இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் மகள் புகார் எழுதினாள். எழுதியதில் தப்பில்லை.

வட்டார மேலதிகாரி பாமராய் எனக்கு போன் செய்தார். "வர்ற மே பதினஞ்சாம் தேதி வெள்ளிக்கிழமை நானே அவங்களோட வண்டில வரேன். அன்னிக்கு வண்டி வழியில நின்னா அந்த ரூட்டை மூடிட வேண்டியதுதான். எல்லாப் பெட்டியையும் நெடுஞ்சாலை முக்குல வரிசையா வெச்சிடுவோம், ஜனங்க வந்து எடுத்துக்கட்டும்."

நான் அதைச் சொன்னபோது வெல்டா முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப நான் எங்க போவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர் முழுக்க வைத்தியம் சொன்னது. எங்கள் காபிக் கடையில் காலை ஏழு மணிக்குக் கூடுகிற கூட்டத்தில் ஆளுக்கொரு என்ஜின் நிபுணன். ஒருவன் ஃபில்டர் என்றான், மாற்றினாள். ஒருவன் பம்ப் என்றான், மாற்றினாள். அதையே இன்னொருவன் "பம்ப்தான், ஆனா நீ போட்டது சரியில்லாத பம்ப்" என்றான், மறுபடி மாற்றினாள். எல்லாம் மாற்றியும் வண்டி வியாழன், வெள்ளி வந்தால் அறுபத்தொன்றில் நின்றது. கடைசியில் கூட்டத்தில் மூத்தவரான லைல் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "வண்டியில ஒண்ணும் இல்ல. கோளாறு ஓட்டற ஆள்கிட்ட. ஆரின் பொண்டாட்டி போயி ஆறு வருஷம் ஆச்சு, அவன் நல்லாக் காபி போடுவான், அவ்ளோதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அங்கேயே நின்றிருந்த வெல்டா அவர் தொப்பியை எடுத்து அவர் காபிக் கோப்பைமேல் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

இந்த ஊருக்கே வண்டிக் கோளாறு பார்த்துச் சொல்கிறவள் அவள். அப்படிப்பட்டவள் தன் வண்டியின் கோளாறை ஐந்து வாரமாகக் கண்டுபிடிக்காமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. "கண்டவன் பேச்சக் கேட்டு சாமான் வாங்கறத நிறுத்து. மீட்டர மாட்டிப் பாருடி" என்றேன். பெட்ரோல் என்ன அழுத்தத்தில் என்ஜினுக்குப் போகிறது என்று காட்டும் மீட்டரை ஒரு நீளக் குழாயில் கோத்து, முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பரின் அடியில் செருகினாள். வியாழக்கிழமை நான் விடுப்புப் போட்டு இடப்பக்க சீட்டில் ஏறிக்கொண்டேன். மடியில் காகிதம், கையில் கடிகாரம். ஒவ்வொரு பெட்டியிலும் மீட்டர் எவ்வளவு, வண்டி எத்தனை நொடி நின்றது என்று எழுதுவது என் வேலை.

முதல் அறுபது பெட்டியும் ஒரே பாட்டுதான். முள் நாற்பதில் ஆடாமல் நின்றது. எட்டு நொடி, ஆறு நொடி, ஒன்பது நொடி. ஒரு வீட்டில் நாய்க்கு பிஸ்கட் போட்டாள், பதினொன்று.

அறுபத்தொன்றில் பள்ளத்தை ஒட்டிச் சாலையோரம் சரிந்து இருக்கும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ஆரின் தோளில் பாத்திரம் துடைக்கும் துணியோடு பெட்டியருகே காத்திருந்தான். நெடுநெடுவென்று உயரம், தரையைப் பார்த்துப் பேசுகிற சுபாவம்.

"வண்டி எப்படி இருக்கு?" என்றான்.

"இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு. அந்தச் செவலக் கிடாரி கன்னு போட்டுச்சா?"

"விடிகாலைல போட்டுச்சு. பொட்டைக் கன்னு. நெத்தில வெள்ளை."

"பேரு வெச்சியா?"

"நீ பாத்துட்டு வெப்பேன்னு விட்டுட்டேன்."

பிறகு வேலி, மழை, அவன் தங்கை அனுப்பிய கடிதம், மறுபடி அந்தக் கன்றுக்குட்டி. நான் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் வரை நாற்பது. அப்புறம் நடுங்கியது, முப்பது, பதினைந்து. நான்கு நிமிடம் பத்து நொடியில் பூஜ்யம். என்ஜின் இருமிவிட்டு அடங்கியது.

"பாத்தியா, மறுபடி" என்றான் ஆரின், டிராக்டரை எடுக்க ஓடினான்.

வெல்டா மீட்டரைப் பார்த்தாள், வண்டியின் சாய்வைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் எனக்கு விளக்கினாள். பம்ப் டாங்கின் இடக் கோடியில் இருக்கிறது. என்ஜின் குடிப்பதைவிட அது அதிகமாக இழுக்கும், மிச்சம் ஒரு குழாய் வழியாகத் திரும்பி டாங்கின் வலக் கோடியில் விழும். சமதரையில் அது ஓடி வந்துவிடும். வலப்பக்கம் சாய்ந்தால் டாங்கின் நடுவில் இருக்கும் மேட்டைத் தாண்டி வராது. டாங்க் பாதிக்கு மேல் இருந்தால் தெரியாது, அதனால்தான் திங்கள், செவ்வாயில் நின்றதே இல்லை. வாரக் கடைசியில் பம்ப் தன் பக்கத்துப் பெட்ரோலை எல்லாம் தானே அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுக் காற்றைக் குடிக்கிறது. பழைய டாங்கில் பம்பைச் சுற்றி ஒரு கிண்ணம் இருந்ததாம், எப்போதும் கொஞ்சம் தேக்கி வைக்கும். புதிய பம்ப் அதில் நுழையவில்லை என்று இவளே பிய்த்து எறிந்திருக்கிறாள்.

"சரி, சாலை அங்க மட்டுமா சாஞ்சிருக்கு? மேலத் தெருல பத்துப் பெட்டி அப்படித்தான இருக்கு?" என்றேன்.

"அங்கெல்லாம் எட்டு நொடிதான நிக்கறேன். காலியாகறதுக்கு நாலு நிமிஷம் ஆவும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. காது மடல் வரை சிவந்துபோனாள். "அந்தக் காகிதத்தக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"மேவிஸ், இது லைல் காதுக்குப் போச்சுன்னா உன் கொட்டகைல நெருப்பு வெப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை டாங்கை இறக்கினாள். நான் கேக் சுடுகிற ஆழமான தட்டு ஒன்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டுபோய், அடியில் துளை போட்டு, பம்பைச் சுற்றிப் பொருத்தி, திரும்பும் குழாயையும் அதற்குள்ளேயே விழும்படி வளைத்துவிட்டாள். சரிவான இடமாகப் பார்த்து வண்டியைச் சாய்த்து நிறுத்தி அரை மணி ஓடவிட்டாள். முள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை பாமராய் வந்தார், கழுத்தில் டையும் கையில் நோட்டுப் புத்தகமுமாக. சாயங்காலம் இருவரும் வந்து இறங்கியபோது வெல்டா சிரித்துக்கொண்டிருந்தாள், அவர்கூடச் சிரித்துக்கொண்டிருந்தார். "நூத்திப்பதினாலு பெட்டி, ஒரு எடத்துலகூட என்ஜின் நிக்கலம்மா. ரூட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்திலும் அவள் கண் எங்கோ இருந்தது.

"அறுபத்தொண்ணுல எவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

"எட்டு நொடி. அதிகாரி பக்கத்துல இருக்காரு, என்ன பண்ணச் சொல்ற? அவன் கன்னுக்குட்டியக் கயத்துல கட்டிப் பெட்டிகிட்டயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான், எனக்குக் காட்டணும்னு. தபால கைல குடுத்தேன், வந்துட்டேன்."

திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு ஆரின் என் கவுண்டருக்கு வந்தான். அவன் ஊருக்குள் வருவதே அபூர்வம். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். வீட்டுக்குத் தபால் கொண்டுவர வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுக்கிற படிவம் ஒன்று கேட்டான்.

"எதுக்கு?" என்றேன்.

"வண்டி சரியாயிடுச்சாமே. நல்லது." பேனாவைத் திறந்து பெயர் எழுதினான். "எங்க வீட்டுக்காக மட்டும் அவங்க மூணு மைல் உள்ள வராங்க. வண்டி மக்கர் பண்ணதால ஏதோ நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டிருந்தாங்க. நான் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். வெள்ளிக்கிழமை தெரிஞ்சுபோச்சு. அவங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படிவத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "ஏன்யா, உனக்குப் புத்தி இருக்கா? வண்டி நின்னதால அவ பேசல. அவ பேசிட்டே நின்னதால வண்டி நின்னுச்சு. அந்த டாங்க் காலியாக நாலு நிமிஷம் ஆவும். நான் கூட உக்காந்து கடிகாரத்தப் பாத்தவ. மத்த வீட்டுல எல்லாம் எட்டு நொடி. உன் வீட்டு வாசல்ல என்ஜின் நல்லா ஓடிட்டிருக்கும்போதே நாலு நிமிஷம் பத்து நொடி. அஞ்சு தடவ. ரூட்டே போயிருக்கும், தெரியுமா உனக்கு?"

அவன் தொப்பியைக் கழற்றினான். உதடு அசைய மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது.

"அஞ்சு தடவையுமா?" என்றான்.

"அஞ்சு தடவையும்."

"அவங்க எப்ப திரும்பி வருவாங்க?"

"நாலு மணிக்கு."

அவன் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான். இரண்டரை மணி நேரம் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. படிவத்தை நான் நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். நான்கு மணிக்கு வெல்டாவின் வண்டி வந்து நின்றது. அவனைப் படியில் பார்த்ததும் அவள் இறங்கவில்லை, ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டினாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆரின், இந்தப் பக்கம்?"

"கன்னுக்கு இன்னும் பேரு வெக்கல" என்றான் அவன்.

அவள் கையை நீட்டி என்ஜினை அணைத்தாள்.