ஜரீனா சொல்லிமுடித்த கதைகள்

மின்சாரம் போனதும் அந்தப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அந்தப் புள்ளியும் மெல்ல அணைய, பர்மாவில், பபேடான் பேட்டையில் எங்கள் தெரு முழுக்க "மீ பியெத்பி" என்ற குரல்கள் எழும்பும். கரண்டு போய்விட்டது என்பதை நாங்கள் பர்மியச் சொல்லில்தான் அறிந்திருந்தோம். ஞாயிறு மாலைகளில் வந்த பழைய ஆங்கில விண்வெளித் தொடரின் பாதியில்தான் அது பெரும்பாலும் போகும். கட்டடத்திலேயே பெட்டி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான் என்பதால் எல்லா மாடிப் பிள்ளைகளும் எங்கள் கூடத்தில் இருப்பார்கள். ஆனால் அந்தப் பெருமை அந்த நிமிடத்தோடு சரி. மிச்சக் கதை எதிர்வீட்டு ஜரீனாவிடம் இருந்தது.

அவளுக்கும் என் வயதுதான். அவளுடைய வாப்பா குடைக்கடை வைத்திருந்தார். கப்பலில் வேலைபார்த்த மாமா அவளுக்கு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். அந்தத் தொடருக்கு எழுதிய பலரில், விருதோ பேரோ பெறாமல் போன ஒருவருடைய திரைக்கதைத் தொகுப்பு அது. அவர் எழுதிய பாகம் பாதியில் நின்றால், ஜரீனா புத்தகத்தை எடுத்துவந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தமிழில் சொல்லி முடிப்பாள். பிள்ளைகள் நாயகனின் துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இதை எழுதியது யார் என்று கேட்டது என் அம்மா மட்டும்தான். பெயர் வாயில் நுழையவில்லை. அதனால் பர்மியர்கள் எழுத்தாளர்களை அழைப்பதுபோல "சயா" என்று வைத்துக்கொண்டாள்.

என் தலையை அவசரமாகப் பின்னி முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புகிற அம்மா, ஜரீனாவை முன்னால் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்லப் பொறுமையாகச் சிக்கெடுத்து எண்ணெய் வைப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம், ஆளில்லாத கிரகமொன்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கைத் தனியே காத்துவந்த பெண்ணின் கதை ஓடியது. பல வருடம் கழித்து ஒரு கப்பல் நெருங்கும்போது கரண்டு போய்விட்டது. கப்பல் தன்னைக் காணாமல் கடந்துபோகட்டும் என்று அவள் விளக்கை அணைத்துவிட்டாள் என்று ஜரீனா சொல்லி முடித்தாள்.

"ஏன் அணைச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"புத்தகத்துல காரணம் போடல மாமி."

அம்மா சீப்பிலிருந்த முடியை உருவிச் சுருட்டினாள். பிறகு, "போட வேண்டாம். சயாவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். விடியுமுன் இன்சீன் ரயில் பட்டறைக்குப் போய் இருட்டித் திரும்பும் அப்பாவிடமோ என்னிடமோ அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

ஜரீனா இட்டுக்கட்டித்தான் சொல்கிறாள் என்று நிரூபித்துவிட எனக்கு ஆசை. கேட்டதும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். அந்தத் தாராளமும் எரிச்சலாகத்தான் இருந்தது. அகராதியோடு உட்கார்ந்து அந்தக் கதையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவள் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து பொறாமை இரண்டு பேர்மேல் ஆயிற்று: ஜரீனா ஒன்று, எங்கோ தூரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு என் அம்மாவின் மனதைத் தெரிந்துவைத்திருந்த அந்த மனிதர் இன்னொன்று.

அடுத்து கரண்டு போனபோது நானே ஒரு கதை கட்டிச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டாள். "நல்லாருக்கு, போய் அரிசியைக் களை," என்றாள்.

அந்தக் கட்டடத்தை இடித்து உயரமாகக் கட்டிவிட்டார்கள். இப்போதும் கரண்டு போகிறது, முன்னைவிட அதிகமாகவே. ஆனால் பேட்டரியும் கைப்பேசியும் இருப்பதால் மிச்சக் கதைக்காக யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. என் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. நான் வானொலிக்குப் பர்மிய மொழியில் நாடகம் எழுதிப் பிழைக்கிறேன். கடைசியில் வேகமாக வாசிக்கப்படும் பெயர்களில் என் பெயரும் ஒன்று. அம்மா வாராவாரம் கேட்டுவிட்டு, நல்லாருக்கு என்கிறாள்.

பினாங்கில் குடியேறிவிட்ட ஜரீனா, அந்தத் திரைக்கதைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் பதிவுசெய்து அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்புகிறாள். அம்மா அதைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்கிறாள். வெளியே ஒன்றும் கேட்காது. எனக்கும் கொஞ்சம் சத்தமாக வை என்று கேட்க, இந்த வயதிலும் எனக்கு வாய் வரவில்லை.