வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்

லண்டனில் இருந்த என் பள்ளித் தோழனும் நானும் சேர்ந்து ஒரு சிறிய ரொக் இசைத்தட்டு நிறுவனம் நடத்தினோம். அவனுடைய வீட்டுக் கராஜில் தொடங்கியது. பெரிய கம்பனிகள் திரும்பியும் பாராத ஆங்கில இசைக்குழுக்களை அவன் தேடிப் பிடிப்பான். நான் சுவிஸில், வில் நகரில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, இங்குள்ள கடைகளுக்கும் வானொலிகளுக்கும் தட்டுகளை அனுப்புவேன். ஆறேழு வருடத்தில் எங்களைத் தெரியாத ரொக் கடை இங்கே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டோம்.

அந்தப் பெயரை வாங்கித் தந்தவள் ஒல்டனுக்குப் பக்கத்துத் திரிம்பாக்கில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே கிட்டாரோடு ஆங்கிலத்தில் பாடினாள். அவளைத் தோழனிடம் கூட்டிப்போனது நான். முதல் தட்டு நன்றாக ஓடியது. இரண்டாவதைப் பதிவுசெய்து முடித்திருந்தபோதுதான் சூக் நகரில் இருந்த பெரிய இசைக் கம்பனி ஒன்று எங்களை வாங்கக் கேட்டது.

ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில் வந்தது. தோழன் தொலைபேசியில், "எனக்கு டொச் விளங்காது. நீ வாசி. உனக்குச் சரியெண்டால் எனக்கும் சரி" என்றான்.

சூக்குக்குப் போகும் ரயிலில் வாசித்தேன். வெளிவராத பதிவுகளைக் கம்பனி வெளியிடலாம், வெளியிடாமலும் விடலாம். பாடியவர் அந்தப் பாட்டுகளை வேறெங்கும் பதிவுசெய்யக் கூடாது. சூரிச்சில் ரயில் மாறிய பிறகு மறுபடி வாசித்தேன். விளங்காத சொல் ஒன்றும் இருக்கவில்லை.

ஒப்பந்தத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. கம்பனியில் எனக்குத் தரப்போகும் பதவி அதில் எழுதியிருந்தது. நான் இருபது வருடம் நீல உடுப்போடு மெஷினுக்கு முன்னால் நின்றவன். கம்பனியில் என்னை 'ஹெர்' என்று, ஐயா போட்டு அழைத்து உள்ளே கூட்டிப்போனார்கள். கையெழுத்துப் போட்டேன். தோழனிடம் எல்லாம் சரி என்றேன்.

அவளுடைய இரண்டாவது தட்டு வெளிவரவில்லை. கொஞ்சக் காலத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயரையே கம்பனி இல்லாமல் செய்துவிட்டது. என் பதவியும் அதோடு போயிற்று.

அவள் ஒல்டன் ஸ்டேஷனில் என்னைச் சந்தித்தாள். கோபப்படவில்லை.

"கையெழுத்து வைக்க முதல் வாசிச்சனீங்களோ அங்கிள்?"

"டொச்சில இருந்தது பிள்ளை. எனக்கு வடிவா விளங்கேல்லை."

அவள் உடனே நம்பினாள். "என்ர அப்பாவுக்கும் வாற கடிதமெல்லாம் நான்தான் வாசிச்சுச் சொல்லுறனான். என்னட்டக் காட்டியிருக்கலாமே" என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம்தான் தோழனிடம் உண்மையைச் சொன்னேன். அவளுக்குச் சொன்னேனா என்று கேட்டான். இல்லை என்றேன். அதன்பிறகு அவன் என்னோடு கதைப்பதில்லை.

அவள் இப்போது புதுப் பாட்டுகள் எழுதிப் பாடுகிறாள். போன மாத நிகழ்ச்சிக்கு என்னையும் அழைத்திருந்தாள். முடிந்ததும் தன் குழுவினரிடம், தன்னை முதலில் நம்பியவர் இவர்தான் என்று என்னைக் காட்டினாள். அவர்கள் ஒவ்வொருவராக வந்து கைகுலுக்கினார்கள். நானும் குலுக்கினேன்.